ஐஸ் வண்டிக்குப் பின்னால் எண்ணூர் வரை

பினாங்கு மலையில் நாயோடு எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று யாராவது கேட்டால், எங்கள் வட்டாரத்தில் என்னைத்தான் கை காட்டுவார்கள். தற்பெருமை இல்லை, நடப்பதைச் சொல்கிறேன். ராயபுரத்தில் ஐந்தாவதோடு பைக்கட்டைத் தூக்கிப் போட்டவன் நான். கப்பலில் பாத்திரம் கழுவப் போய், பினாங்கில் இறங்கி, படகு இன்ஜினைப் பிரிக்கவும் மாட்டவும் கற்று, இன்றைக்குச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். வாசல் பலகையில் என் பெயர் மூன்று மொழிகளில் இருக்கிறது. அதில் இரண்டை எனக்கு வாசிக்கத் தெரியாது. என் பெயர்தானே, என்னவென்று தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் நாய் கோப்பியோடு மலையேறுவேன். மலாய்க்காரர்கள் காப்பியைக் கோப்பி என்பார்கள். அதுவும் அந்த நிறம். மலைப்பாதைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. வார் போடாமல் நாயைக் கொண்டு போகக் கூடாது. அது போட்டதை நாமே பையில் அள்ளிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். எதிரே மலாய்க் குடும்பம் வந்தால் வாரைச் சுருக்கிப் பிடித்து ஓரமாக நிற்க வேண்டும். அவர்கள் மேல் நாய் உரசிவிடக் கூடாது. குரங்குக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது. நாய்க்குத் தனித் தண்ணீர், தனிக் கிண்ணம். தரையில் புறங்கையை வைத்துப் பார்த்து, நமக்குப் பொறுக்கவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் பொறுக்காது, நிழல் தேட வேண்டும். புதிதாக நாய் வாங்கும் டாக்டர்கள்கூட என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அப்படிப்பட்ட என்னை, நான் பிறந்த ஊரில் ஒரு கிழட்டு நாய் மூன்று நாள் ஆட்டி வைத்தது.

கன்னியப்பன் இறந்துவிட்டான் என்று அவன் மகள் செல்வி போன் செய்தாள். அவனும் நானும் ராயபுரத்தில் அடுத்தடுத்த வீடு. நான் கப்பல் ஏறினேன். அவன் சைக்கிளில் ஐஸ் ஏற்றினான். காசிமேட்டில் ஐஸ் பாரை வாங்கி, சாக்கில் சுற்றி, பின் கேரியரில் கட்டி, மீன் விற்கும் பெண்களுக்குக் கடை கடையாகப் போடுவான். எனக்கு அவனைப்போல ஒரு தோஸ்து பினாங்கில் கிடைக்கவில்லை. கருமாதிக்கு வந்து சேர்ந்தேன்.

கருமாதி முடிந்து, பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் வாடகைக்கு இருந்த அறையின் வாசலில், நடுத்தெருவில், ஒரு வெள்ளை நாய் குறுக்கே படுத்திருந்தது. பெயர் ஜில்லு. ஐஸ்காரன் நாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பான்?

“பெரிப்பா, இத்த நெனச்சாதான் எனக்கு பேஜாரா கீது” என்றாள் செல்வி. “ரெண்டு தபா லோடு ஆட்டோல தூக்கிப் போட்டு எண்ணூருல எங்கூட்டுக்கு இட்டுகினு போனேன். ரெண்டு தபாவும் நடந்தே திரும்பி வந்துட்ச்சி. போன தபா காது கிழிஞ்சி வந்து நிக்குது. வூட்டுக்காரரு ரூமுக்கு வேற ஆள் வெச்சிட்டாரு. இங்கியே நடுரோட்ல படுத்துகினு இருந்தா ஒருநாளு டிரெய்லர் ஏத்திட்டுப் பூடுவான்.”

“இன்னொரு தடவை கொண்டு போயேன்” என்றேன்.

“வண்டியக் கண்டாலே கடிக்க வருது. அப்டியே கொண்டுபோனாலும் மறுபடியும் ஓடியாரும். அந்த ரோட்ல மூணாந் தபா அது பொழைக்கும்னு நெனக்கிறியா?”

சுற்றி நாலு பேர் இருந்தார்கள். நான் சும்மா இருக்க முடியுமா? “வண்டியில் தூக்கிக்கொண்டு போனால் எந்த நாயும் அந்த இடத்தை ஒப்புக்கொள்ளாது. தன் காலால் நடந்து போக வேண்டும். நான் மலையில் நாய் நடத்துகிறவன். எண்ணூர் என்ன, முகத்துவாரத்துக்கு எதிர்க் கரை வரைக்கும் நடத்திக் காட்டுகிறேன்” என்றேன்.

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “உன்னால முடியுமா பெரிப்பா? அதுக்கும் வயசாச்சி, உனுக்கும் வயசாச்சி.”

அறைக்குள் கன்னியப்பனின் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. அதை மட்டும் பழைய இரும்புக்குப் போடப் போவதாகச் சொன்னாள். நான் கூடாது என்றேன். நான் கப்பலேறிய அன்று துறைமுகத்து வாசல் வரை இந்த வண்டியில்தான் என்னையும் என் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மிதித்தான். இதைப் பினாங்குக்குக் கொண்டுபோய்ப் பட்டறைச் சுவரில் மாட்டப் போகிறேன் என்றேன். “இன்னாமோ பண்ணு. எனக்கு அத்தப் பாத்தாலே எரியுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் என் தோள்பையைத் திறந்தேன். வார், மடக்குக் கிண்ணம், பாட்டில் தண்ணீர், பைகள் எல்லாம் உள்ளே இருந்தன. எங்கே போனாலும் அந்தப் பையில்லாமல் போக மாட்டேன். வாரை எடுத்து ஜில்லுவின் முன்னால் நீட்டினேன். பினாங்கில் வாங்கிய முதல்தரமான வார். அதைப் பார்த்ததும் நாய் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. படுத்த இடத்திலேயே ஈரமாக்கிவிட்டது.

எதிரில் இஸ்திரி வண்டிக்காரர் கரியை ஊதிக்கொண்டே சிரித்தார். “யோவ் பெர்சு, இன்னாத்தக் காட்ற அதுங்கிட்ட? சுருக்குக் கயிறு மாரி கீது. நாய் புடிக்கிறவன்னு நெனச்சிகிச்சி.”

வாரைப் பைக்குள் வைத்தேன். சைக்கிளை வெளியே எடுத்தேன். ஸ்டாண்டைத் தட்டியதும் பின் மட்கார்டு கடகடவென்று ஆடியது. ஜில்லு தலையைத் தூக்கியது. நான் தள்ள ஆரம்பித்ததும் எழுந்து பின்னால் வந்தது. இஸ்திரிக்காரரைத் திரும்பிப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். தெருமுனை வரை வந்த நாய் அங்கே உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்டேன். பிஸ்கட் காட்டினேன். மலாயிலும் கூப்பிட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “நைனா, இது ஐஸ்காரரு வண்டியாச்சே. நீ யாரு? எங்க தள்ளிகினு போற?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “வெறும் வண்டியத் தள்னா அது இன்னாத்துக்கு வரும்? அது எங்க நடக்கும்னு பாத்ததே இல்லியா நீ? பின்னாடி ஐஸ்ஸு சொட்டுமே, அந்த ஈரத்துல காலை வெச்சி, நக்கிகினே வரும். வெய்யிலு அதுக்கு ஏறவே ஏறாது. ஐஸ் வெய்யி, வரும்.”

காசிமேட்டில் போய் ஒரு துண்டு பார் வாங்கிவந்து, சாக்கில் சுற்றி, கேரியரில் கட்டினேன். அந்த முடிச்சு எனக்கு மறக்கவில்லை; கன்னியப்பனுக்குக் கட்டிக் கொடுத்தவனே நான்தான். தெருமுனைக்கு வந்ததும் முதல் சொட்டு விழுந்தது. ஜில்லு எழுந்தது. சொட்டை முகர்ந்தது. என் மடக்குக் கிண்ணத்துச் சுத்தத் தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காத நாய், சாக்குத் தண்ணீரை நக்கிக்கொண்டு, வண்டியின் நிழலுக்குள் நடையை வைத்து, நான் போகும் வேகத்துக்கே நடந்து வந்தது.

மலையில் இப்படி ஒரு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. சூட்டுக்கு மருந்தும் தாகத்துக்குத் தண்ணீரும் போகும் வழிக்கு அடையாளமும் ஒரு துண்டு ஐஸில் அடங்கிவிட்டன.

காசிமேட்டைத் தாண்டும்போதே பசித்தது. ரோட்டோரக் கல்லில் பொரித்த சங்கரா மீன், மிளகாய் காந்தல் மூக்கைப் பிடித்தது. பினாங்கில் மீனை வாழையிலையில் வைத்துச் சம்பல் என்னும் மிளகாய் விழுதைத் தடவிச் சுடுவார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தின்று இப்படிக் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை. காரத்தால்தான். முள்ளெடுத்து ஒரு துண்டு ஜில்லுவுக்கு வைத்தேன்.

அதற்கப்புறம் கடலோரம். கடலோரம் என்றா சொல்வது? கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு அப்பால், இப்போது அலை அடிக்கிற இடத்தில், மணல் இருந்தது. அங்கே நானும் கன்னியப்பனும் அந்திவேளையில் பந்து உதைத்திருக்கிறோம். பந்து என்றால் வலைத்துணியை உருட்டிக் கட்டியது. அவன் கோல் காப்பான். அவனை மீறி ஒன்றும் போகாது. இப்போது நான் நின்று விரல் நீட்டிக் காட்டினால் நடுக்கடலைக் காட்ட வேண்டும். இந்தப் பக்கம் கல், அந்தப் பக்கம் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் வரிசை. நடுவில் ஒரு கிழவன், ஒரு சைக்கிள், ஒரு நாய்.

முதல் குப்பத்தின் வாசலிலேயே எங்களை மறித்தார்கள். மனிதர்கள் அல்ல, நாய்கள். நாலைந்து பல்லைக் காட்டிக்கொண்டு வந்தன. ஜில்லுவின் காது ஏன் கிழிந்தது என்று அப்போது புரிந்தது. மலையில் வேற்று நாய் வந்தால் அசையாமல் நின்று, கண்ணைப் பார்க்காமல், வாரைச் சுருக்கிப் பிடிப்போம். நின்றேன். கண்ணைப் பார்க்கவில்லை. சுருக்குவதற்கு வார்தான் இல்லை.

வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தார். “ஏய் ராஜா! ஏய் கருப்பி! பொத்திகினு போ அந்தாண்ட. ஐஸ்காரரு நாயிடா அது, தெரீல?” என்று அதட்டினார். அவை முனகிக்கொண்டு ஒதுங்கின. “நட நைனா. எங்க எல்ல முடியற வரைக்கும் நான் வர்றேன். அதுக்கு அந்தாண்ட நம்ம பேச்சு எடுபடாது” என்றார்.

சொன்னபடி எல்லை வரை வந்தார். எல்லைக்குக் கோடு கிடையாது, பலகை கிடையாது. ஒரு உடைந்த படகுக்குப் பக்கத்தில் நின்றார். அதற்கு அப்பால் அடுத்த குப்பம். விசிலடித்து, கருவாடு காயவைக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “யக்கா, இவுங்கள உங்க தெருவத் தாண்டி உட்டுடு” என்றார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எங்களோடு நடந்தார். அவர் தன் தெரு நாய்களைப் பெயர் சொல்லித் திட்டினார். அடுத்த எல்லையில் அவரும் நின்று எங்களை இன்னொருவர் கையில் ஒப்படைத்தார். கன்னியப்பன் இருந்தபோதும் இப்படித்தானா என்று கருவாட்டு அம்மாளிடம் கேட்டேன்.

“அவரு எங்க இவ்ளோ தூரம் வந்தாரு? காசிமேட்டத் தாண்ட மாட்டாரு. ஆனா ஐஸ்காரர யாருக்குத் தெரியாது? கடனுக்கு ஐஸ் போட்டுட்டு மறந்துடுவாரு. நாய்ங்க வேற ஊருக்குப் போவணும்னா தெருவுக்கு ஒரு ஆளு கூட வந்தாதான் ஆவும்.”

வழியில் ஜில்லு ரோட்டோரம் உட்கார்ந்து வேலையை முடித்தது. நான் பையை எடுத்து, குனிந்து, அள்ளி, முடிச்சுப் போட்டேன். குழாயடியில் நின்ற பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“யம்மா, இன்னாடி பண்றாரு அந்தப் பெர்சு?”

“பினாங்குக்காரராம்டி.”

“இத்த இன்னா தாத்தா பண்ணுவ, பினாங்குக்குப் பார்சலா?”

குப்பைத்தொட்டி எதுவும் கண்ணில் படவில்லை. அந்தப் பொட்டலத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, கொடி கட்டிய மந்திரி கார் மாதிரி, காலடிப்பேட்டை வரை நடந்தேன். சிரித்தால் சிரிக்கட்டும். மலையானாலும் குப்பமானாலும் நம் நாய் போட்டது நம் பொறுப்பு.

காலடிப்பேட்டையில் என் சித்தி மகள் மல்லிகா வீட்டில் தங்கினேன். வாசலில் நின்று என்னைப் பார்த்தவள் உள்ளே திரும்பிக் கத்தினாள். “எல்லாரும் வந்து பாருங்க. ஏரோப்ளேன்ல வந்து நாய் மேய்க்கறாரு எங்கண்ணாத்த!” பிறகு ஜில்லுவுக்குச் சோறு போட்டாள். சைக்கிளைச் சந்தில் நிறுத்தினேன். நாய் அதன் கீழே சுருண்டது.

மறுநாள் நான் விடியுமுன் கிளம்பியிருக்க வேண்டும். மல்லிகா விடவில்லை. இடியாப்பத்துக்கு வடகறி ஊற்றினாள். இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு என்றாள். “உன் தமிழு இன்னா அண்ணாத்த ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாரி ஆயிட்ச்சி? ‘தண்ணீர் கொடு’ன்ற. எங்கிட்ட அப்டிப் பேசாத, வெக்கமா கீது” என்றாள். பினாங்கில் தெலுங்கர், மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று நான் நாக்கைத் தேய்த்துத் தேய்த்து இப்படி ஆக்கிக்கொண்டேன். அவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது. புது ஐஸ் வைத்துக் கட்டினேன். பங்குனி வெயிலில் அது பாதி வழி தாங்கவில்லை. சாக்கு தட்டையாகி, சொட்டு நின்றது. ரோட்டில் புறங்கையை வைத்தேன், எடுத்துவிட்டேன். மலையில் என்றால் மரத்தடிக்குப் போயிருப்பேன். இங்கே நிழல் என்று இருந்தது டிரெய்லர்களின் அடியில்தான். வரிசை வெகுநேரமாக நகரவில்லை. டிரைவர்கள் இறங்கி, ரோட்டோரம் ஸ்டவ் மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பாட்டிலைத் திறந்து முகத்தில் தண்ணீர் தெளித்த நேரம்தான். திரும்பினால் ஜில்லு இல்லை. குனிந்து பார்த்தேன். ஒரு டிரெய்லருக்கு அடியில், பின் சக்கரங்களுக்கு இடையே, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது.

அந்தக் கணத்தில் முன்னால் எங்கோ ஹாரன் அடித்தது. வரிசை நகரத் தொடங்கியது. ஸ்டவ்வை அணைத்துவிட்டு எல்லோரும் ஓடி ஏறினார்கள். டிரைவருக்கு அடியில் நாய் இருப்பது எப்படித் தெரியும்? இன்ஜின் உறுமியது.

சைக்கிளை அப்படியே போட்டேன். கன்டெய்னர் மேல் இரண்டு கையாலும் அறைந்தேன். “ஓல்டான்! ஓல்டான்! நிப்பாட்றா டேய்!” கப்பலேறுமுன் துறைமுகத்தில் வேலை செய்தபோது லாரிக்குப் பின்னால் நின்று கத்திய இளவயதுக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிரேக் புஸ்ஸென்று காற்று விட்டது. பின்னால் இருந்த வரிசை முழுக்க ஹாரன் அடித்தது.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான். வடக்கத்திப் பையன். துறைமுகத்தில் கற்ற இந்தி எனக்கு இன்னும் போதும். “நாய் அடியில் இருக்கிறதா? அட ராமா! சீக்கிரம் எடுங்கள் பெரியவரே, பின்னால் இருப்பவர்கள் என்னைக் கொன்றுவிடுவார்கள்” என்றான்.

கூப்பிட்டேன், வரவில்லை. நிழல் அவ்வளவு சுகமாக இருந்தது அதற்கு. ஹாரன் சத்தத்தில் இன்னும் உள்ளே ஒடுங்கியது. என் உடம்பு அந்தச் சந்துக்குள் நுழையாது. செல்வியிடம் என்ன சொல்வேன்? நாலு பேர் முன்னால் மார்தட்டி வந்தவன், அவள் சொன்ன அதே ரோட்டில், அதே டிரெய்லருக்கு அதைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றா?

சைக்கிளை நிமிர்த்திப் பக்கத்தில் கொண்டுவந்தேன். பின் சக்கரத்தைத் தூக்கித் தூக்கிக் குத்தினேன். மட்கார்டு கடகடவென்று அடித்தது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாக்கில் ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்தது. ஜில்லு அந்தச் சத்தத்தைக் கேட்டது. சொட்டைப் பார்த்தது. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு, சோம்பேறிபோல மெதுவாக, வெளியே வந்து வண்டியின் நிழலில் நின்றது.

டிரைவர் கையை எடுத்துக் கும்பிட்டான். “எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, இதே வெள்ளை” என்று கத்திவிட்டு நகர்ந்தான்.

வாரை வெளியே எடுத்தேன். நாய்க்குக் காட்டவில்லை. ஒரு முனையைச் சைக்கிள் சீட்டுக்குக் கீழே கட்டினேன். மறுமுனையை, சாக்குத் தண்ணீரை அது நக்கிக்கொண்டிருக்கும்போதே, கழுத்தில் மாட்டினேன். ஜில்லு ஒரு முறை உடம்பை உதறியது. வார் என் கையில் இல்லை, வண்டியில் இருக்கிறது என்று தெரிந்ததும் சும்மா இருந்துவிட்டது. மனிதன் பிடித்தால்தான் அதற்குச் சுருக்கு. சைக்கிள் பிடித்தால் இல்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் லாரி ஓடும் ரோட்டில் ஒரு அடியும் வார் இல்லாமல் நடத்தவில்லை. மலையிலும் ரோட்டிலும் விதி ஒன்றுதான். மாட்டும் விதத்தைத்தான் அந்தந்த நாயிடம் கற்க வேண்டியிருக்கிறது.

எர்ணாவூர் சேர்ந்தபோது சாயந்தரம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் பகுதியில் அத்தோ கடை. மஞ்சள் நூடுல்ஸில் கோஸ், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார் கடைக்காரர். பினாங்கில் மீ என்கிற நூடுல்ஸ் எனக்குப் பழக்கம். “எங்கள் ஊரில் இதையே வறுத்துக் கொடுப்பார்கள்” என்றேன்.

“வறுத்துட்டா அதுக்குப் பேரு அத்தோ இல்ல நைனா. எங்க பாட்டன் ரங்கூன்ல இருந்து நடந்தே வந்தாரு, தெரியுமா?”

“நான் ராயபுரத்திலிருந்து நடந்து வந்தேன்” என்றேன்.

அவர் ஜில்லுவைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தட்டை நீட்டினார். அவர் வீட்டு முன்கட்டிலேயே படுக்க இடமும் கொடுத்தார். நாய்க்கு எலும்பும் கிடைத்தது.

மூன்றாம் நாள் சரியாகச் செய்தேன். இருட்டோடு எழுந்து, வெயில் ஏறுமுன் எண்ணூர். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தூரத்தில் நின்றன. முகத்துவாரத்துக் காற்று முகத்தில் அடித்தது. சின்ன வயதில் ஒருமுறை நானும் கன்னியப்பனும் இந்தச் சைக்கிளில் மாறி மாறி மிதித்து இங்கே வந்து, கை வைத்த இடமெல்லாம் இறால் பிடித்தோம். சட்டையைக் கழற்றி மூட்டை கட்டினோம். திரும்பும்போது அவன் மிதித்தான், நான் கேரியரில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பாடினேன். இப்போது சேற்றில் சாம்பல் நிறம். ஆனாலும் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு பெண்கள் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஜில்லுவும் நின்றது.

செல்வி ரோட்டோரம் தன் மீன் கடையில் இருந்தாள். நாயைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சைக்கிளைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இத்த ஏன் இங்க இட்டாந்த?”

“இது இல்லாமல் அது வரவில்லை. சாயந்தரம் லோடு ஆட்டோவில் என்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.”

அவள் மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே பேசினாள். தலை நிமிரவில்லை. “எத்தினி தபா கூப்ட்டிருப்பேன் தெரியுமா பெரிப்பா. எங்கூட வந்து இரு, உக்காந்து துன்னு, யாரு வேணாங்கறாங்கனு. வண்டிய உட்டு வர முடியாது, நாய உட்டு வர முடியாது, எல்லாரும் ஐஸ்ஸுக்குக் காத்துகினு இருப்பாங்கனு சொல்லுவாரு. கடசீல பக்கத்துல ஒரு மனுசன் இல்ல. நாய்தான் குந்திகினு இருந்துச்சாம். பெத்த பொண்ணு நான் இங்க மீன் வித்துகினு கீறேன்.”

காலையில் கட்டிய ஐஸ் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளை அவள் கடைப் பக்கத்தில் நிறுத்தி, நாயின் கழுத்திலிருந்து வாரைக் கழற்றிவிட்டேன். ஜில்லு சைக்கிளுக்கு அடியில் தூங்கியது. நிழல் நகர நகர அதுவும் நகர்ந்து படுத்தது. செல்வி நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். அந்தக் குழம்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இதை வேண்டாமென்ற கன்னியப்பன் ஏமாந்தவன்தான்.

“பார்த்தாயா, எப்படிப் படுத்திருக்கிறது? இனிமேல் எங்கேயும் போகாது” என்றேன்.

மறுநாள் எனக்கு விமானம். வெயில் தாழ்ந்ததும் லோடு ஆட்டோ வந்தது. டிரைவரும் நானும் சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். மட்கார்டு ஆடியது.

ஜில்லு எழுந்தது. ஆட்டோவைப் பார்த்து உறுமியது. பிறகு ரோட்டுக்கு வந்து, தெற்கே முகத்தைத் திருப்பி, நாங்கள் வந்த வழியில் நடக்க ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்ததோ என்னவோ. தூரத்தில் ஒரு டிரெய்லர் வந்துகொண்டிருந்தது.

“கீழே வையப்பா” என்றேன். “கீழ வைய்யி!”

சைக்கிளை இறக்கினோம். சத்தம் கேட்டு நாய் நின்றது. திரும்பிப் பார்த்தது. வரவில்லை. சாக்கில் ஐஸ் இல்லை, சொட்டு இல்லை, வெயில் போய்விட்டதால் நிழலும் இல்லை. அது மறுபடி தெற்கே திரும்பியது. பட்டறைச் சுவரில் சைக்கிளை மாட்டும் ஆசை அந்த இடத்திலேயே போய்விட்டது. ஆனால் அதை இங்கே நிறுத்திவிட்டுப் போவதாலும் ஒன்றும் ஆகாது என்று புரிந்தது. நிற்கிற வண்டி அதற்கு எதற்கு? தள்ள ஆள் வேண்டும். எனக்கோ மறுநாள் விமானம்.

செல்வி கத்தியைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். வந்து என் கையிலிருந்த கைப்பிடியைப் பிடுங்கினாள். முகம் கோபமாகவே இருந்தது. வண்டியை வடக்கே, முகத்துவாரப் பக்கம் திருப்பினாள். ஸ்டாண்டைக் காலால் தட்டிய தட்டல் அவள் அப்பன் தட்டலேதான்.

“ஏய் மூதேவி! எங்கடா போற? காலைல கடைக்கு ஐஸ் வாணாவா? யாரு தூக்கியாருவா, உன் தாத்தனா? வா இங்க!”

கடகடவென்று வண்டி கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கன்னியப்பனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஜில்லு அவள் முதுகைப் பார்த்தது. தெற்கே ஒரு முறை பார்த்தது. பிறகு வாலைத் தாழ்த்திக்கொண்டு ஓடி, காய்ந்த சாக்குக்குக் கீழே மூக்கை நீட்டி, அவளுக்குப் பின்னால் நடந்தது. ஐஸ் டிப்போ இருக்கும் வளைவில் அவள் மறைந்தாள், நாயும் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் பின்னால் பார்த்தார். “இன்னா பெர்சு, வண்டி ஏத்தலியா?”

“வாணாம்பா” என்றேன். “அதுக்கு இங்க வேல கீது.”

பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. என் முதல்தரமான வார் அந்தச் சீட்டுக்குக் கீழே கட்டியபடியே போய்விட்டது. கோப்பிக்கு வேறு வாங்க வேண்டும்.